சீட்டில் இருக்கும் எண்

என் சித்தி வேலை பார்க்கும் சலவைக்கடையில், மேசைக்குப் பின்னால் சுவரிலிருந்து சுவருக்கு ஒரு கம்பி ஓடுகிறது. துவைத்துத் தேய்த்த உடுப்புகள் பிளாஸ்டிக் உறைக்குள் அதில் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றின் காலரிலும் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருக்கும். அதே எண் போட்ட இன்னொரு துண்டு வாடிக்கையாளர் கையில். மூன்றாவது துண்டு, அதாவது அடிக்கட்டை, சித்தியின் புத்தகத்தில். துணியைக் கொடுக்கும்போதே அந்த அடிக்கட்டையில் வாடிக்கையாளர் தன் கையால் போன் நம்பரை எழுதிவிட வேண்டும். எழுதாத துணி உள்ளே போகாது.

பத்துப் பேரில் மூன்று பேர் சீட்டைத் தொலைத்துவிட்டுத்தான் வருவார்கள். "அதோ, அந்தச் சாம்பல் கலர் சட்டை. இடது கைல பட்டன் விட்டுப்போயிருக்கும் பாருங்க" என்று அடையாளம் சொல்வார்கள். சித்தி பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு புத்தகத்தைத் திறந்து அடிக்கட்டையில் உள்ள நம்பரைத் தன் போனில் அழுத்துவார். எதிரில் நிற்பவரின் பையில் போன் அடித்தால் துணி கைமாறும்.

"என் சட்டையை நான் வாங்கறதுக்கு இத்தனை விசாரணையா?" என்று ஒருவர் ஒருநாள் சலித்துக்கொண்டார்.

"விசாரணை சட்டைக்குத்தான் சார். இவரு என் ஆளுதான்னு சொல்ல அதுக்கு வாய் இல்லையே" என்றார் சித்தி.

அவருக்கு நாற்பத்தாறு வயது. அந்த மேசையில் பத்தொன்பது வருடம். வலது முன்கையில் நீராவி இஸ்திரி சுட்ட தழும்பு ஒன்று, வளையல் பதிந்ததுபோல இருக்கும். அவர் தேய்த்த சட்டையை மேசையில் நிறுத்தினால் ஆள் இல்லாமலே நிற்கும் என்று கடைக்கார அம்மா சொல்வார். அந்தப் பெருமையில்தான் விளையாட்டில் தனக்கு 'மொடமொட' என்று பெயர் வைத்துக்கொண்டார்.

ஆமாம், விளையாட்டு. சித்தி ஆன்லைனில் ரயில் ஓட்டுகிறார்.

கடையின் பெரிய இயந்திரம் ஒரு சுற்று சுற்றி முடிக்க முப்பத்தெட்டு நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் என்ன செய்வது என்று தெரியாமல்தான் முதலில் போனில் 'தண்டவாளம்' விளையாட ஆரம்பித்தார். அதில் யாரும் யாரையும் சுடுவதில்லை. காலி நிலத்தில் தண்டவாளம் போட வேண்டும், பாலம் கட்ட வேண்டும், ஸ்டேஷன் வைக்க வேண்டும், பிறகு ஒன்றோடொன்று மோதாமல் ரயில்களை நேரத்துக்கு ஓட்ட வேண்டும். சித்திக்கு அது கைவந்த கலையாகிவிட்டது.

சித்தப்பா டவுன் பஸ் டிரைவர். வீட்டுக்கு யாராவது வந்தால் இதைச் சொல்லிச் சிரிக்காமல் இருக்கமாட்டார். "அதுல ஒரு பாசஞ்சர்கூட நெஜம் கிடையாது. ஆனா இவ லேட்டாயிடுச்சேன்னு பதறுவா."

"உங்க பஸ்ல பாசஞ்சர் நெஜம்தான். ஆனா நீங்க ஒருநாளாவது பதறியிருக்கீங்களா?" என்பார் சித்தி, தட்டை எடுத்து வைத்துக்கொண்டே.

ஆறரை வருடங்களுக்கு முன்பு சித்தி அந்த விளையாட்டில் ஏமாந்தார். 'சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்' என்று கம்பெனியின் முத்திரையோடு ஒரு செய்தி வந்தது. சரிபார்ப்பதற்காகக் கடவுச்சொல்லைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டார். அரைமணி நேரத்தில் கணக்கு பறிபோனது. அன்றைக்குக் கடையில் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. "இப்பல்லாம் ரயில் ஓடறதில்லையா?" என்று சித்தப்பா கேட்டபோது, "போரடிச்சுப் போச்சு" என்றார். நான்கு மாதம் அந்தப் பொய்யோடு இருந்தார். போன கணக்கைவிட, 'நானா இப்படி ஏமாந்தேன்' என்பதுதான் தொண்டையில் மீன்முள்போல நின்றது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

நான்கு மாதம் கழித்துப் புதிதாக ஆரம்பித்தார். இந்தத் தடவை ஒரு குழுவோடு. இன்றைக்கு அந்தக் குழுவில் இருபத்தாறு பேர், தலைவி சித்தி. புதிதாக யார் சேர்ந்தாலும் விதிமுறைகளுக்கு முன்பாக அவர் அனுப்புவது தான் ஏமாந்த கதையைத்தான். எந்த நாள், என்ன செய்தி, தான் என்ன பதில் போட்டார் என்று ஒன்று விடாமல் எழுதுவார். கடைசியில் ஒரு வரி இருக்கும்: 'உங்களுக்கு இப்படி நடந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். யாரும் சிரிக்க மாட்டோம்.' தன் வெட்கத்தை இப்படி வாசலிலேயே எடுத்து வைக்க எத்தனை பேருக்கு மனசு வரும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வராது.

இருபத்தாறு பேரும் சேர்ந்து ஆறு வருடமாக ஒரே வரைபடத்தில் வேலை செய்திருக்கிறார்கள். நானூற்றுப் பன்னிரண்டு ஸ்டேஷன். அந்த வரைபடம் தலைவியின் கணக்கில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு யார் கைக்குப் போகிறதோ, அவர் ஒரு பொத்தானில் அத்தனையையும் அழிக்கலாம், வேறு யாருக்காவது விற்கலாம். இது எல்லோருக்கும் தெரியும். திருடர்களுக்கும் தெரியும்.

அதனால் சித்தி இரண்டு கட்டுப்பாடுகள் வைத்திருந்தார். ஒன்று, யாரும் உண்மைப் பெயர், ஊர், போன் நம்பர் பகிரக்கூடாது. இரண்டு, யாராவது அவசரம் என்று எதையாவது கேட்டால் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவருக்கு மட்டுமே தெரிந்த பழைய விஷயமாக. இதற்குக் குழுவில் 'துணிக்கேள்வி' என்று பெயர். பட்டன் விட்டுப்போன சட்டைக் கதையைச் சித்தி அவர்களுக்குச் சொல்லியிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே கால். கடைக்கார அம்மா சாப்பிடப் போயிருந்தார். இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. குழுவில் 'பிரேக்' என்ற பெயரில் இருப்பவரிடமிருந்து செய்தி வந்தது. அவர் லாரி டிரைவர், ஆரம்பத்திலிருந்தே குழுவில் இருப்பவர்.

'மொடமொடக்கா, பெரிய தப்பு பண்ணிட்டேன். ஒரு திருட்டுப்பய மேல கம்பெனிக்குப் புகார் குடுக்கப்போயி, கை தவறி உங்க கணக்கு மேல குடுத்துட்டேன். இன்னும் ஒரு மணி நேரத்துல உங்க கணக்க மூடிடுவாங்களாம். இந்த ஆபீசர்கிட்ட பேசுங்க, அவர் நினைச்சா நிறுத்தலாம். மன்னிச்சிருங்க அக்கா.'

சித்தி உடனே துணிக்கேள்வி கேட்டார். 'நம்ம முதல் பாலத்துக்கு என்ன ஆச்சு?'

'ஒரு பக்கம் ஒசரமா கட்டிட்டோம். ரயில் ஏற மாட்டேன்னு நின்னுச்சு. நீங்க அதுக்கு ஏணின்னு பேர் வச்சீங்க.'

பதில் சரி. எழுத்து நடையும் பிரேக்குடையதுதான். சித்தியின் மனம் இளகிவிட்டது. பாவம், பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்தார். கொடுத்திருந்த பெயரைத் தேடி அந்த ஆபீசருக்கு எழுதினார். அவருடைய கணக்குப் பக்கத்தில் கம்பெனி முத்திரை இருந்தது, 'கணக்குப் பாதுகாப்புப் பிரிவு' என்றும் இருந்தது.

'தங்கள் கணக்கு நீக்கத்திற்காக வரிசையில் உள்ளது' என்று பதில் வந்தது. 'தாங்கள்தான் உரிமையாளர் என உறுதிசெய்ய, தங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் வரும். அதை இங்கே பதிவிடவும்.'

சொன்னபடியே போனுக்கு எண் வந்தது. சித்தி அதைப் பார்த்தார். விரல் முதல் இலக்கத்தின் மேல் இருந்தது.

அப்போது கதவு மணி அடித்து ஓர் ஆள் உள்ளே வந்தார். நல்ல உயரம், கையில் பைக் சாவி.

"ஒரு கோட் வாங்கணும். கருநீலம். மூணு பட்டன், அதுல நடுவுல உள்ளது வேற பட்டன். உள்பையில மை கொட்டின கறை இருக்கும்."

"சீட்டு?"

"எங்க மச்சானோட கோட். சீட்டு அவர்கிட்ட மாட்டிக்கிச்சு. நாலு மணிக்கு அவருக்கு இன்டர்வியூ, கொஞ்சம் சீக்கிரம் குடுங்க."

சித்தி போனை மேசையில் வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "மச்சானுக்கு ஒரு போன் போட்டுடறேன்."

"நான்தான் எல்லாம் கரெக்டா சொன்னேனே, மேடம். மைக்கறை வரைக்கும் சொன்னேன். அவர் நம்பர் வேணும்னா இந்தாங்க, நானே தரேன்."

"நீங்க தர நம்பர் வேண்டாம். அவர் எழுதிக்குடுத்த நம்பர் இருக்கு." சித்தி அடிக்கட்டையில் விரலை ஓட்டிக்கொண்டே சொன்னார், பத்தொன்பது வருடமாகச் சொல்கிற வாக்கியம். "ஒரே வீட்டுல இருந்தா மைக்கறை யாருக்கும் தெரியும். தெரியறது வேற, குடுக்கச் சொல்றது வேற."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது தன் காதில் விழுந்ததாம்.

மச்சான் போனை எடுத்து, "ஆமா, அவன்கிட்டயே குடுத்துடுங்க, நேரமாகுது" என்றார். கோட் போயிற்று. அந்த ஆள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. உண்மை சொன்னவருக்கு இந்த வழியில் நஷ்டம் ஒன்றரை நிமிடம்.

சித்தி ஆறு இலக்க எண்ணைத் திரும்பப் பார்த்தார். அந்தச் செய்தியிலேயே கீழே எழுதியிருந்தது, இதை யாரிடமும் பகிர வேண்டாம், எங்கள் ஊழியர் இதைக் கேட்க மாட்டார் என்று. கண்ணில் பட்டும் படிக்காத வரி. பிறகு ஏணிப் பாலத்தை யோசித்தார். அந்தக் கதை எங்கே இருக்கிறது? குழுவின் பழைய உரையாடலில். பிரேக்கின் கணக்குக்குள் ஒருவன் நுழைந்திருந்தால் ஆறு வருடப் பேச்சும் அவன் முன்னால் விரித்துக் கிடக்கும். எந்தத் துணிக்கேள்வி கேட்டாலும் ஒரு நிமிடம் தேடிவிட்டுப் பதில் சொல்லிவிடுவான். நடையைக்கூடப் பார்த்து எழுதலாம்.

பிரேக்கை அந்த விளையாட்டுக்கு வெளியே பிடித்துக் கேட்டால்தான் தெரியும். ஆனால் நம்பர் இல்லை. யாருடைய நம்பரும் யாரிடமும் இல்லை. வாங்கக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டவரே அவர்தான்.

"என் கடையில ஒரு அடிக்கட்டைகூட இல்லாம ஆறு வருஷம் துணி வாங்கிப் போட்டிருக்கேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஆபீசர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். 'இன்னும் முப்பது நிமிடத்தில் தங்கள் கணக்கு நிரந்தரமாக நீக்கப்படும்.'

'கடையில் ஆள் நிற்கிறார்கள், இதோ வருகிறேன்' என்று சித்தி எழுதினார். யாரும் நிற்கவில்லை.

குழுவின் படத் தொகுப்பில் பின்னோக்கிப் போனார். மூன்று வருடத்துக்கு முன்பு பிரேக் ஒரு ரயில் பாலத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். படத்தின் ஓரத்தில் அவருடைய லாரியின் கதவு பாதி தெரிந்தது. கதவில் லாரி ஆபீசின் பெயரும் கீழே போன் நம்பரும். கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. மூன்று போட்டார், ஒரு பல் ஆஸ்பத்திரி எடுத்தது. எட்டு போட்டார்.

"லாரி ஆபீஸ்" என்றது ஒரு பெண் குரல்.

"வணக்கம்மா. உங்க டிரைவர் ஒருத்தர்கிட்ட அவசரமாப் பேசணும். பேர் தெரியாது. ரயில் பாலமெல்லாம் போட்டோ எடுப்பார்."

"அவரா. வண்டியை விட்டுட்டு ரயிலை எடுப்பார். நீங்க யாரு?"

"அவர்கூட ஆன்லைன்ல கேம் ஆடறவ."

"டிரைவர் நம்பரெல்லாம் வெளியாளுக்குக் குடுக்கறதில்ல மேடம். நீங்க என்ன சொன்னாலும் சரி."

சித்திக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்ததாம். "குடுக்கவே குடுக்காதீங்க. என் நம்பரை எழுதிக்கோங்க. நீங்க அவரைக் கூப்பிட்டு, மொடமொட பேசச் சொன்னாங்கன்னு சொன்னாப் போதும்."

"என்னது?"

"மொடமொட."

"அது பேரா?"

"வேலை."

இருபது நிமிடம் போனது. ஆபீசர் கெடுவைப் பதினைந்து நிமிடமாக்கி, பிறகு பத்தாக்கினார். சித்தி ஒருமுறை 'கொஞ்சம் பொறுங்கள்' என்றார். இன்னொருமுறை, 'உங்கள் சீட்டு எண் என்ன?' என்று கேட்டார். கடைசியில் போன் அடித்தது. பின்னால் லாரிகளின் ஹாரன் சத்தம், நடுவே தயங்கித் தயங்கி ஒரு குரல்.

"மொடமொடக்காங்களா?"

ஆறு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் குரலை மற்றவர் கேட்டார்கள்.

"பிரேக், என் கணக்கு மேல புகார் ஏதாவது குடுத்தீங்களா?"

"புகாரா? நான் கணக்குக்குள்ளயே போக முடியல அக்கா, காலையிலேர்ந்து. டவர் சரியில்லன்னு நெனச்சேன்." பிறகு குரல் இறங்கியது. "நேத்து ஒருத்தன் எங்க அணிக்கு ஓட்டுப் போடுங்கன்னு லிங்க் அனுப்பினான். அதுல பாஸ்வேர்டு போட்டேன்... ஏன் அக்கா, நான் நெஜமாவே பிரேக்தானான்னு கேள்வி கேக்கலையா?"

"இல்ல. ஏணிக்கதைய அவனும் சொல்றான். உங்க ஆபீஸுக்கு நான் போட்டேன், ஆபீஸ் உங்களுக்குப் போட்டுச்சு. நீங்க வந்த வழி எனக்குத் தெரியும்."

அடுத்த இரண்டு நிமிடத்தில் சித்தி பிரேக்கின் கணக்கைக் குழுவிலிருந்து நீக்கினார், வரைபடத்தைப் பூட்டினார், தலைவி மட்டுமே எழுதக்கூடிய அறிவிப்புப் பலகையில் எழுதினார்: 'பிரேக்கின் கணக்கு இப்போது திருடன் கையில். அந்தப் பெயரில் யார் என்ன கேட்டாலும் கொடுக்காதீர்கள். போனுக்கு வரும் எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள், எனக்கும்கூட.' ஆபீசரையும் பிரேக்கின் கணக்கையும் பற்றிக் கம்பெனிக்குப் படங்களோடு புகார் அனுப்பினார். ஆபீசருக்குப் பதிலே போடவில்லை. திட்டவும் இல்லை. இயந்திரம் நின்று மணி அடித்தது. எழுந்து போய்ப் படுக்கை விரிப்புகளை உதறிப் போட்டார்.

வரைபடம் தப்பியது. நானூற்றுப் பன்னிரண்டு ஸ்டேஷனும் அப்படியே இருக்கின்றன.

ஆனால் எல்லாமே தப்பிவிட்டது என்று எழுதினால் சித்தி என்னை விடமாட்டார். குழுவில் 'நூலகம்' என்ற பெயரில் ஒரு பெண் இருந்தார், உண்மையிலேயே நூலகத்தில் வேலை. சித்தி பிரேக்கின் அழைப்புக்காகக் காத்திருந்த அந்த நேரத்திலேயே திருடன் அவரிடமும் அதே கதையைச் சொல்லியிருக்கிறான். அவர் எண்ணைக் கொடுத்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் புதுக் கணக்கு ஒன்றிலிருந்து சித்திக்கு எழுதினார். 'உங்கள் கதையைப் படித்தவள்தான் நான். படித்துவிட்டும் கொடுத்தேன். சொல்லவே கூசுகிறது. ஆனால் அன்றைக்கே சொல்லச் சொன்னீர்கள், ஒரு நாள் தாமதம்.'

சித்தி இந்த முறை எழுத்தை நம்பவில்லை. அந்த நூலகத்தின் பெயரைக் கேட்டு வாங்கி, அதன் நம்பரைத் தானே தேடி எடுத்து, மேசைக்கே போன் போட்டார். "என்னோடது நாலு மாசத் தாமதம்மா. உன்னோடது ஒரு நாள்" என்றாராம். பிறகு, பலகையில் முதலிலேயே எழுதாமல் போனது தன் தப்பு என்றும் சொன்னார். "திருடனுக்குத் தெரிஞ்சிடுமேன்னு பார்த்தேன், நம்ம ஆளுங்களுக்குத் தெரியாமப் போச்சு" என்றார். பிரேக்கின் கணக்கு ஒன்பது நாளில் திரும்பக் கிடைத்தது. நூலகத்தின் கணக்கு கிடைக்கவேயில்லை. அவர் முதல் ஸ்டேஷனிலிருந்து மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறார்.

இதற்குப் பிறகு சித்தி தன் கட்டுப்பாட்டைத் தானே மாற்றினார். இப்போதும் குழுவின் பேச்சில் யாரும் நம்பர் போடுவதில்லை. ஆனால் விருப்பப்பட்டவர்கள் தலைவிக்குத் தாங்களே ஒருமுறை போன் போட்டு நம்பரைச் சொல்கிறார்கள். கடையில் பழைய சலவைச் சீட்டுப் புத்தகம் ஒன்று மிச்சமிருந்தது. அதன் அடிக்கட்டைகளில் அவற்றை எழுதி வைத்திருக்கிறார். போனில் எதுவும் இல்லை. சித்தப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இருபத்தாறு பேரும் இனி அழுக்குத் துணி அனுப்புவாங்களா?" என்று கேட்டார். "உங்களோடதை முதல்ல போடுங்க" என்றார் சித்தி.

மூன்று மாதம் கழித்து ஒரு மதியம், ஒரு கனத்த ஆள் கடைக்குள் வந்து மேசை முன்னால் நின்றார். சட்டையில் டீசல் வாடை. சித்தியைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

"மொடமொடக்கா, நான்தான் பிரேக். இந்தப் பக்கம் லோடு, நீங்க போன்ல சொன்ன அடையாளத்த வச்சுக் கடையைப் பிடிச்சேன். ஏணி கட்டினவனை நேர்ல பார்த்துக்கோங்க."

சித்தி சிரிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய புத்தகத்தை எடுத்தார். மூன்றாவது தாளைப் பார்த்து நிதானமாக எண்களை அழுத்தினார்.

எதிரில் நின்றவரின் பையில் போன் அடித்தது. அவர் ஒரு நொடி விழித்தார், பிறகு எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ."

"எங்க இருக்கீங்க?" என்று ஒரு கை தூரத்திலிருந்து சித்தி கேட்டார்.

"உங்க கடையிலதான் அக்கா."

"அப்ப சரி" என்று போனை வைத்துவிட்டு, மேசையின் பலகையைத் தூக்கி வழிவிட்டார். "உள்ள வந்து உக்காருங்க. டீ சொல்றேன்."